கட்டணம் இல்லாத வழி

ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் வணக்கம். அண்ணியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? கடையில் வியாபாரம் உண்டா?

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. எழுதுவது நான்தான், இடது கையால். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் தோள்பட்டை வலிக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் ஸ்டீம் உருளை இருக்கிறது. போன மாதம் ஒரு விரிப்பு சுருண்டு உள்ளே போனது. நேராக்க இழுத்தேன், வலது கையும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. மேற்பார்வையாளர் ஆம்புலன்ஸ் வரட்டும் என்றார். உன் கடைக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவின் மகன் நெட்டையன் இங்கேதானே துணி வேன் ஓட்டுகிறான், அவன் காத்திருக்கவில்லை. வேனில் இருந்த துணி மூட்டைகளைத் தரையில் தள்ளிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். அதையும் அவனே கட்டினான்.

புண் ஆறிவிட்டது. ஆனால் தோல் சுருங்கி விரல்களை உள்ளுக்குள் இழுக்கிறது. ஆகஸ்டுக்குள் ஓர் ஆபரேஷன் செய்தால் விரல்கள் விரியும், அதற்குமேல் தள்ளிப்போட்டால் மூட்டுகள் இறுகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். முதல் வைத்தியத்தோடு கம்பெனி கை கழுவிவிட்டது. கழுவ அவர்களுக்கு இரண்டு கை இருக்கிறது. இந்த ஆபரேஷன் நம் செலவு. ஐந்து தவணையாகக் கட்டலாமாம். நான் இப்போது இடது கையால் துணி மடிக்கிறேன், பாதிச் சம்பளம். அது அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது.

இத்தனை வருஷம் வெளிநாட்டிலிருந்து நான் பணம் அனுப்பினேன், நீ வாங்கினாய். இப்போது என்னிடம் நீ அனுப்பு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். நான் அழுதுகொண்டே இருப்பேன், நீ நிமிடத்தை எண்ணிக்கொண்டே இருப்பாய்.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தங்கை


பிப்ரவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். அண்ணியின் முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அந்த மட்டில் அதனால் உபயோகம் உண்டு. நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். பெட்டிப் பூட்டைத் திறந்து வாங்கிப்போக வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வரேன்"னு பூட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதம் மறைத்தாயே, உனக்கு என்ன நெஞ்சழுத்தம்! எதிரில் இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன்.

அந்தக் கை என்ன கை! நான் அரம் பிடித்து ராவின சாவி, பூட்டுக்குள் போய் நின்று யோசிக்கும். நீ ராவினது போனோமா திறந்தோமா என்று வந்துவிடும். நீ திரும்பி வந்ததும் பட்டறையில் உனக்கு ஒரு மேசை, நான் கல்லாவில் உட்கார்ந்து உன்னை அதிகாரம் பண்ணுவது என்றுதானே பேச்சு? அந்தப் பேச்சில் மாற்றம் இல்லை. ஐந்து தவணையும் என் பொறுப்பு.

முதல் தவணையை அனுப்ப பேங்குக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அனுப்பக் கட்டணம், அனுப்பியதைச் சொல்லக் கட்டணம், இரண்டுக்கும் சேர்த்து வரி. "ஏன் சார், பணத்தை ஜன்னலோர சீட்டுல உக்கார வெச்சா அனுப்புறீங்க?"ன்னு கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அங்க எடுக்கும்போதும் கொஞ்சம் பிடிப்பாங்க"ன்னார். வேறு வழி தெரியாததால் கட்டினேன். வீட்டுக்கு வந்தும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. உன் கைக்குப் போக வேண்டிய காசு, எவனுக்கோ போகிறது.

போனெல்லாம் வேண்டாம், கடிதமே போடு. கடிதத்தில் எவ்வளவு திட்டினாலும் ஒரே ஸ்டாம்ப்தான். நெட்டையனுக்கு என் நன்றியைச் சொல். அவன் கட்டிய முன்பணத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்.

உன் அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். எனக்குக் கை குளிர்ந்த தண்ணீர் பட்டால்தான் வலிக்கிறது, மற்ற நேரம் இருப்பதே தெரியவில்லை. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

பணம் கிடைத்தது. ஆனால் நீ எழுதிய தொகை இல்லை. நடுவில் ஏதோ ஒரு பேங்க் பிடித்திருக்கிறது, இங்கே இருக்கிற பேங்கும் பிடித்திருக்கிறது. குறைந்ததை என் சாப்பாட்டுக் காசிலிருந்து போட்டு முதல் தவணையைக் கட்டிவிட்டேன். நீ கோபப்படுவாய் என்று தெரியும், ஆனாலும் கணக்கை மறைத்தால் அதைவிடக் கோபப்படுவாய்.

நெட்டையன் உன் நன்றியைக் கேட்டு வெட்கப்பட்டான். "பூட்டுக்கடை அண்ணன் வாயிலேர்ந்து நன்றியா? தேதி போட்டு வைக்கணும்"னான். அன்றைக்குச் சொல்லாமல் வேனை எடுத்ததற்கு அவனைக் கம்பெனியில் விசாரிக்கிறார்கள். ஒன்றும் ஆகாது என்கிறான்.

உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீ சாப்பாட்டுக் காசில் கை வைத்தாய் என்று அண்ணி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்கு அரை நாள் போனது. இனிமேல் பட்டினி கிடந்தால் எனக்கு எழுது, அவளுக்குப் படித்துக் காட்டாமல் விட்டுவிடுகிறேன்.

நடுவில் ஒரு பேங்க் பிடித்ததா? அந்த நடு பேங்கை யார் கூப்பிட்டார்கள்? கடைவீதியில் பணம் அனுப்புகிற கடை ஒன்று இருக்கிறது, 'கட்டணமே இல்லை' என்று பெரிய எழுத்தில் போர்டு. போய் உட்கார்ந்தேன். கட்டணம் இல்லைதான், ஆனால் மாற்று விலையில் கடித்துவிடுகிறான். உள்ளே நுழைகிறவனை முன்வாசலில் மாலை போட்டு வரவேற்று, பின்வாசலில் பையைத் தடவுகிற வேலை. எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. தையல்காரம்மாவுக்கு நெட்டையன் மாதாமாதம் பணம் அனுப்புகிறான். அந்த அம்மாவுக்கு இருதய மாத்திரை ஒருநாள் தவறக் கூடாது, அந்தப் பணத்தில்தான் வாங்குகிறார். அதிலும் இதே பிடித்தம். நான் உனக்கு அனுப்ப வேண்டும், அவன் அவருக்கு அனுப்ப வேண்டும். எதற்கு இரண்டு பணமும் கடல் தாண்ட வேண்டும்? நான் இங்கே தையல்காரம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் அங்கே உன்னிடம் கொடுத்துவிடட்டும். ஒரு காசு கட்டணம் இல்லை! தையல்காரம்மாவிடம் சொன்னேன். "பூட்டைத் திறக்கிற மூளைதானே தம்பி, எங்க போனாலும் ஒரு வழி கண்டுபிடிச்சிடும்"னார். ஒன்றாம் தேதியே இரண்டாவது தவணையைக் கையில் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா போனில் மகனிடமும் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும். கொடுக்கல் வாங்கலில் அண்ணன் தம்பி கிடையாது. 'பணம் கிடைத்தது' என்று உன் கையால் ஒரு வரி வந்தால்தான் அடுத்த மாதப் பணத்தைத் தையல்காரம்மாவிடம் கொடுப்பேன். இல்லாவிட்டால் நிறுத்திவிடுவேன். நெட்டையன் நல்லவன்தான், ஆனாலும் நான் பூட்டு விற்கிறவன்.

பேங்க் பிடிக்க இருந்த கட்டணத்தை மாதாமாதம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கப் போகிறேன். நீ வரும்போது உன் மேசைக்கு அதில்தான் மரம் வாங்குவது.

உன் அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாயா? அண்ணியை விசாரித்ததாகச் சொல். பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

பணம் கிடைத்தது.

தையல்காரம்மா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நெட்டையன் இப்போது வேன் ஓட்டுவதில்லை. வேறு வேலை பார்க்கிறான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறான், கவலைப்படுவாராம். நீயும் சொல்லாதே.

உன் தங்கை


மே 24

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே எழுதுகிறேன். நாங்கள் சுகம். இவ்வளவு தாமதம் என்ன? உனக்கு எழுதக் கை வலித்தால் யாரையாவது விட்டு எழுதச் சொல், கையெழுத்தை மட்டும் நீ போடு.

உன் வரி வராததால் சொன்னபடி இந்த மாதப் பணத்தை நிறுத்தி வைத்திருந்தேன். தையல்காரம்மா இரண்டு தடவை வந்து வாசலில் நின்றார். "கடுதாசி வரலியா தம்பி?"ன்னு கேட்டுவிட்டுப் போய்விட்டார். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு சமாளித்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. தையல் மெஷினை மிதிக்க முடியாமல் மூச்சு வாங்கி, நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். அண்ணிதான் தூக்கி உட்கார வைத்தாள். உன் கடிதம் வந்ததும் ஓடிப்போய்க் கொடுத்தேன். இப்போது தேறிவிட்டார். இனிமேல் தாமதம் பண்ணாதே, உன்னுடைய ஒரு வரியில் ஒரு உயிர் ஓடுகிறது.

டப்பாவில் காசு சேர ஆரம்பித்துவிட்டது. ராத்திரி சாப்பிட்டதும் அதை ஆட்டிப் பார்க்கிறேன். "கருமித்தனத்துக்கு ஒரு சத்தம் வேணுமா?"ன்னு அண்ணி கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், நான் பேங்கை ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன்


ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பணம் கிடைத்தது.

தையல்காரம்மாவுக்குக் கொடுப்பதை மறக்காமல் உடனே கொடுத்துவிடு. அதோடு இன்னொரு விஷயம். இங்கே ஆஸ்பத்திரியில் கூடுதலாகக் கொஞ்சம் செலவு சொல்கிறார்கள். அதை மட்டும் தனியாக எனக்கு பேங்க் வழியாக அனுப்ப முடியுமா? கட்டணம் போனால் போகட்டும். ஒரு தடவைதான் அண்ணா. காரணம் கேட்காதே.

உன் தங்கை


ஜூலை 1

அன்புத் தங்கச்சிக்கு,

சௌக்கியம், சௌக்கியம். மாத ஆரம்பத்திலேயே எழுதுகிறேன் பார், உன்னை மாதிரி இல்லை.

ஆஸ்பத்திரியில் கூடுதல் செலவு என்றால் கேள், தருகிறேன். ஸ்கூட்டரை அடகு வைத்தாவது தருவேன். ஆனால் பேங்க் எதற்கு? திறந்து கிடக்கிற வாசலை விட்டுவிட்டு யாராவது சுவரை இடிப்பார்களா? ஸ்டீமில் வேலை செய்து உனக்கு மூளை வெந்துவிட்டதா என்று அண்ணியிடம் கேட்டேன். "பாவம், எதுக்கோ கேக்குறா, அனுப்பித் தொலைங்களேன்"னாள். அவள் எப்போதும் உன் கட்சி.

நான் அதைவிட நல்ல காரியம் செய்துவிட்டேன். உன் கடிதம் வந்ததுமே, நாலாவது தவணையோடு கூடுதல் பணத்தையும் சேர்த்துத் தையல்காரம்மாவிடமே கொடுத்தேன். நெட்டையன் அங்கே உனக்குச் சேர்த்துத் தருவான், முழுசாக, ஒரு காசு குறையாமல். "என்ன தம்பி, இந்த மாசம் அதிகமா இருக்கு? என் புள்ளைக்குச் சம்பளம் கூட்டிட்டாங்களா?"ன்னு அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். கண்ணாடி மாற்றிக்கொண்டார், இப்போது ஊசி கோக்கக் கொஞ்சம் பரவாயில்லையாம்.

ஒரு தவணைதான் பாக்கி. ஆகஸ்டு நெருங்குகிறதே, அதை மட்டும் உன் வரிக்குக் காத்திராமல் கொடுத்து முடித்துவிடுகிறேன். ஆபரேஷன் தேதியை எழுது, அன்றைக்குக் கடையை மூடிவிடுகிறேன். நான் கடையை மூடுகிறேன் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

உன் அண்ணன்


செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே. மூன்று மாதமாக எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

பணம் கிடைத்தது. கூடுதலாகக் கொடுத்ததும், கடைசித் தவணையும் கிடைத்தன. ஆபரேஷன் முடிந்துவிட்டது. தேதியைச் சொன்னால் நீ கடையை மூடுவாய் என்றுதான் எழுதவில்லை.

விரல்களுக்குப் பயிற்சி தர வேண்டுமாம், அதற்கு மாதாமாதம் செலவாகும். முடிந்தால் பழைய மாதிரியே தையல்காரம்மாவிடம் ஒன்றாம் தேதி கொடுத்துவிடு. இங்கே நான் வாங்கிக்கொள்கிறேன். என் வரி வரவில்லை என்று நிறுத்தாதே அண்ணா. பயிற்சியில் இருந்தால் எழுத நேரம் இருக்காது.

உன் தங்கை


அக்டோபர் 21

தங்கச்சி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நீ அனுப்பிய பார்சலை, உன்னோடு மடிப்பு மேசையில் வேலை செய்கிற பெண் லீவில் வந்தவள், கடையில் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணிக்கு முழங்கால் தைலம், எனக்கு ஒரு பூட்டு. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். "எந்த ஆபரேஷன் அண்ணா? அக்காவுக்கு எங்க ஆச்சு? நாலு விரலும் உள்ளங்கையோட மடிஞ்சு நிக்குது. நான்தானே தினம் தலை பின்னி விடறேன்"னாள்.

மிச்சத்தையும் கேட்டு வாங்கினேன். ஏப்ரலில் இருந்தே நெட்டையனுக்கு வேலை இல்லையாம். அங்கே தங்குவதற்கான பேப்பர் எதுவும் இல்லாமல் எங்கேயோ ஒளிந்து, கிடைத்த அன்றைக்கு மூட்டை தூக்குகிறானாம். உனக்கு ஒரு மாதம்கூடப் பணம் வரவில்லை. ஒரு மாதம்கூட!

ஏன் சொல்லவில்லை? நான் என்ன, உன் எதிரியா? நான் உன்னை நம்பினேன். 'பணம் கிடைத்தது' என்று நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் கல்லாவில் அடுக்கி வைத்திருக்கிறேன். அவ்வளவும் பொய். நான் டப்பாவை ஆட்டிச் சந்தோஷப்பட்ட ராத்திரியெல்லாம் உன் விரல் மடிந்துகொண்டிருந்திருக்கிறது.

கடையை அப்படியே போட்டுவிட்டுத் தையல்காரம்மாவிடம் போனேன். மகன் இப்படி, நீங்கள் வாங்கின பணம் எல்லாம் என் தங்கச்சி கை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அந்த அம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "நல்ல நேரத்துல வந்தே தம்பி, இந்த ஊசியைக் கோத்துக் குடு, கருப்பு நூலு கண்ணுக்குத் தெரியல"ன்னார். கோத்துக் கொடுத்தேன். "போன்ல ஒழுங்காப் பேசக்கூட மாட்டான் கழுதை. ஆனா முன்னே பின்னே ஆனாலும் பணத்தை மட்டும் மறந்ததில்ல பாரு"ன்னு சொல்லிக்கொண்டே தைக்க ஆரம்பித்தார். இன்னொரு ஊசியையும் கோத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

ஜூனில் நீ எழுதியதை எடுத்துப் படித்தேன். பேங்க் வழியாக அனுப்பு, காரணம் கேட்காதே. அண்ணிக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான் கட்டணத்தைப் பார்க்காமல் அனுப்பியிருந்தால் ஒரு தவணையாவது உன் கைக்கு வந்திருக்கும். அதைச் சொல்லி என்னைத் திட்டு. நீ திட்டாவிட்டால் நானே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அது தாங்கவில்லை.

ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். நாலு தவணைக்கும் சேர்த்து நேற்று பேங்கில் கட்டினேன். "சாதாரணமா, அவசரமா? அவசரம்னா கட்டணம் ரெட்டிப்பு"ன்னார் அதே ஆள். அவசரம் என்றேன். கட்டணத்தை டப்பாவைக் கவிழ்த்து எண்ணிக் கொடுத்தேன். சில்லறையாக இருந்ததால் அவர் முகம் சுளித்தார்.

பணம் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஆகஸ்ட் தாண்டினால் என்ன, டாக்டர் சொல்வதெல்லாம் வேதமா? ஒன்றாம் தேதி தையல்காரம்மா வருவார். அவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணன்


நவம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் வணக்கம். தைலம் அண்ணிக்குக் கேட்கிறதா?

பணம் கிடைத்தது. முதல் தவணைக்குப் பிறகு இதை உண்மையாக எழுதுவது இப்போதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் விரலை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். மூட்டு இறுகிவிட்டதாம். தோலைப் பிரித்து விட்டால் பார்ப்பதற்கு விரிந்த மாதிரி இருக்கும், ஆனால் எதையும் பிடிக்க வராது என்றார். வெறும் பார்வைக்காக எதற்குக் கத்தி வைக்க வேண்டும் என்று வேண்டாம் என்றுவிட்டேன். பணம் அப்படியே இருக்கிறது. கம்பெனியும் இந்த மாதத்தோடு போகச் சொல்லிவிட்டது. டிக்கெட் எடுக்கப் போகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நெட்டையன் வேலை போனது என்னால்தான் அண்ணா. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் வேனை எடுத்ததற்குத்தான் அவனை வெளியே அனுப்பினார்கள். கையில் இருந்த சேமிப்பையும் எனக்கு முன்பணமாகக் கட்டியிருந்தான். ஏப்ரலில் அவன் ஹாஸ்டல் கேட்டுக்கு வந்து தலை குனிந்து நின்றான். "அடுத்த மாசம் வேலை கிடைச்சிடும், சேர்த்துத் தந்துடறேன்கா. அம்மாவுக்கு மட்டும் நிக்காமப் பாத்துக்குங்க"ன்னான். எழுதாமல் இருந்து பார்த்தேன். பணம் வரவில்லை என்று எழுதவும் முடியவில்லை, வந்தது என்று எழுதவும் முடியவில்லை. மே மாதம் எழுதினேன். அதற்கு நீ போட்ட பதிலில் தையல்காரம்மா மூச்சு வாங்கிச் சாய்ந்ததை எழுதியிருந்தாய். என் ஒரு வரியில் ஒரு உயிர் ஓடுகிறது என்றாய். அதற்குப் பிறகு எனக்கு வேறு எப்படி எழுத வரும்?

அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நானும் நம்பினேன். கையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்குக் கிடையாது. ராத்திரி விரலை இடது கையால் பிடித்து இழுத்து இழுத்துப் பார்ப்பேன், வலியில் அழுவேன். உன் மேலும் கோபம் வந்தது, கூடுதல் பணத்தையும் அங்கேயே கொடுத்தேன் என்று நீ பெருமையாக எழுதியபோது அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். திட்டு என்றாயே, இதோ திட்டிவிட்டேன்.

போன வாரம் நெட்டையன் வந்தான். கசங்கின நோட்டு கொஞ்சம் கொண்டுவந்தான். நான் வாங்கவில்லை. மெலிந்து, இன்னும் நெட்டையாகத் தெரிகிறான்.

ஒன்றாம் தேதி தையல்காரம்மா வந்தாரா? என்ன சொன்னாய்?

உன் தங்கை


டிசம்பர் 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணி சுகம், தைலம் நன்றாகக் கேட்கிறது. நீ திட்டியதைப் படித்தேன். போதவில்லை, மிச்சத்தை வந்து நேரில் திட்டு.

நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் கடை திறப்பதற்குள் தையல்காரம்மா வந்துவிட்டார். ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தங்கச்சி கை எப்படி இருக்கு தம்பி? தினம் விளக்கு ஏத்தும்போது நெனைச்சுக்கறேன்"னார். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டார். இந்த மாதமும் கொடுத்தேன். அடுத்த மாதமும் கொடுப்பேன் என்று நினைக்கிறேன். எத்தனை மாதம் முடியும் என்று தெரியவில்லை. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு வேளை டீயை ஒரு வேளை ஆக்கிவிட்டாள். 'நெட்டையன் கொடுத்தது' என்று சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கவில்லை. நீ எப்படி எழுதியிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று எழுது. மலிவாக இருக்கிறது என்று மூன்று இடத்தில் இறங்கி ஏறுகிற டிக்கெட்டை எடுத்துவிடாதே, நேராக வா.

உன் மேசை தயார். மரம் வாங்க டப்பாவில் ஒன்றும் இல்லாததால் பழைய கதவுப் பலகை ஒன்றைப் போட்டேன். சாவியைக் கவ்விப் பிடிக்கிற வைஸைக் கழற்றி இடது கைக்கு வாகாக மாற்றி முடுக்கியிருக்கிறேன். அரத்தையும் இந்தப் பக்கம் மாட்டியிருக்கிறேன். சரியாக வருகிறதா என்று நானே தினமும் இடது கையால் ஒரு சாவி ராவிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றுகூடத் திறக்கவில்லை.

உன் அண்ணன்